ஒற்றைக்குழல் துப்பாக்கிக் கட்டைக்கு வீட்டிலேயே ரப்பர் பேட் போடலாமா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிலக்கடலையும் தென்னங்கன்றும் வைத்திருக்கிறீர்கள். அப்பா காலத்து 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி இப்போது உங்கள் உரிமத்தில் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு எல்.ஜி. என்ற பெரிய குண்டுத் தோட்டா போட்டு நாலைந்து முறை சுட்டால் தோள் கன்றிப் போகிறது. கட்டையின் முனையில் இருப்பது கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் தகடு. ஒரு அங்குல ரப்பர் பேட் வாங்கிவிட்டீர்கள். அது கட்டையை விடச் சுற்றிலும் பெரிதாக இருக்கிறது. ஊர் ஆசாரி "ஒரு அங்குலம் அறுத்துட்டு ஒட்டிரலாம்" என்கிறார். வீட்டிலேயே செய்யலாமா என்பது கேள்வி. செய்யலாம். ஆனால் ஆசாரி சொன்ன ஒரு அங்குலத்தை அறுக்காதீர்கள். பேட்டை இரண்டு திருகில் மாட்டுவது சின்ன வேலை. கட்டையின் நீளமும் சாய்வும் கெடாமல் மாட்டுவதுதான் இதில் உள்ள வேலை, அதில் பிசகினால் பேட் போட்ட பிறகும் வலி குறையாது.

பேட் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உதைக்கும் மொத்த வேகத்தை ரப்பர் குறைப்பதில்லை. 32 கிராம் சில்லு (தோட்டாவுக்குள் இருக்கும் குண்டுகள்) விநாடிக்கு 365 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அடைப்பானையும் வெடிமருந்துப் புகையையும் சேர்த்துக் கணக்கிட, 3 கிலோ துப்பாக்கி ஏறத்தாழ 29 ஜூல் ஆற்றலோடு பின்னால் வரும். ரப்பர் அமுங்குவதால் அதே உதை கொஞ்சம் கூடுதல் நேரத்தில், கூடுதல் பரப்பில் தோளில் இறங்குகிறது. கெட்டித் தகட்டின் விளிம்பு எலும்பில் குத்துவது நிற்கிறது. உதையின் ஆற்றலையே குறைக்க வேண்டுமானால் எடை கூட வேண்டும், அல்லது தோட்டாவின் பளு குறைய வேண்டும். அதே துப்பாக்கியில் 250 கிராம் கூடினால் 29 என்பது 27 ஜூலுக்குப் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். ஒற்றைக்குழல்கள் பொதுவாக எடை குறைந்தவை என்பதால்தான் அதே தோட்டா இரட்டைக்குழலை விட இவற்றில் அதிகம் உதைக்கிறது.

வலி எங்கே என்று பாருங்கள். தோள்குழியில் பரவலாகக் கன்றியிருந்தால் பேட் உதவும். மார்பின் மேல்பக்கம் ஒரே புள்ளியில் குத்தினால், கட்டையின் கீழ்முனை நீண்டிருக்கிறது, அல்லது துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடிக்கிறீர்கள். கைச்சதையில் கன்றினால் தோள்குழிக்குள் வைக்காமல் புஜத்தில் வைக்கிறீர்கள். கன்னத்தில் அறைந்தால் கட்டையின் முதுகு உயரம் பொருந்தவில்லை. நடுவிரல் விசைக்காப்பில் அடிபட்டால் பெரும்பாலும் கட்டை உங்களுக்குக் குட்டை. கடைசி மூன்றும் ரப்பரின் மென்மையால் மட்டும் தீராது. பன்றிக்கு இரவில், நெற்றி விளக்கோடு, வரப்பில் ஒரு காலும் வாய்க்காலில் ஒரு காலுமாக நின்று சுடும்போது கட்டை சரியான இடத்தில் உட்காராமல் போவது சாதாரணம். அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்றையும் வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டும். கட்டை இரும்போடு சேரும் இடத்தை நல்ல வெளிச்சத்தில், விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய துப்பாக்கிகளில் வருடக்கணக்காக எண்ணெய் இறங்கி அந்த மரம் கறுத்து மெத்தென்று ஆகியிருக்கும். இழை நெடுக முடி போன்ற விரிசல் தெரியும். கட்டை ஆடினாலோ விரிசல் இருந்தாலோ பேட் வேலையை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போங்கள். உதையை முழுக்க வாங்குவது அந்தச் சேர்மானம்தான்.

சட்டத்தில் உறுதியானது இவ்வளவு. ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவு உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதைத் தடுக்கிறது. அதே சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். ஆகவே துப்பாக்கியையோ, கழற்றிய கட்டையையோ ஆசாரி பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். அவர் உதவி தேவையென்றால் அவர் உங்கள் வீட்டுக்கு வரட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். தகட்டின் மேல் உறைபோல மாட்டும் பேட்டுக்கு எந்தச் சிக்கலும் வராது. மரத்தை அறுத்துத் திருகுவது பழுதுபார்ப்பில் சேருமா என்பது விவாதத்துக்குரியது. உரிமம் கொடுத்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கோயம்புத்தூரில் காட்டிவிடலாம் என்று வேலந்தாவளம் வழியாகவோ வாளையாறு வழியாகவோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், உரிமப் புத்தகத்தில் செல்லுபடியாகும் எல்லை மாவட்டமா, மாநிலமா, இந்தியா முழுவதுமா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கேரளத்தில் 2022 மே முதல் உள்ளாட்சித் தலைவர் அனுமதியோடு பன்றி சுட வழி வந்ததிலிருந்து பழைய துப்பாக்கிகள் பல மீண்டும் வேலைக்கு வந்திருக்கின்றன. அந்த அனுமதி சுடுவதற்குத்தான்; மாநில எல்லை தாண்டி எடுத்துப் போவதற்கு அல்ல.

இனி அளவு. விசையின் நடுவிலிருந்து கட்டை முனையின் நடுவரை உள்ள தூரம்தான் கட்டை நீளம். உங்களுடையது தகட்டோடு சேர்த்து 13 அங்குலம் 6 நூல் என்று எழுதியிருக்கிறீர்கள். தகடு 2 நூல் கனம், பேட் 1 அங்குலம், அதாவது 8 நூல். தகட்டைக் கழற்றி, மரத்தைத் தொடாமல் பேட்டை வைத்தால் 14 அங்குலம் 4 நூல் ஆகும். ஆசாரி சொன்னபடி ஒரு அங்குலம் அறுத்தால் 13 அங்குலம் 4 நூல். இப்போது இருப்பதை விடவே குட்டை. 5 அடி 6 அங்குல உயரம் உள்ளவருக்கு 14 அங்குலத்துக்கு முன்னே பின்னே பொருந்த வாய்ப்பு அதிகம். எனவே அறுக்க வேண்டியது அதிகபட்சம் 4 நூல், அதாவது அரை அங்குலம். குளிர் நாட்டு அளவுகள் தடித்த கோட்டுக்கு மேல் வைத்துச் சுடுபவர்களுக்கானவை. நாம் பருத்திச் சட்டையோடு சுடுகிறோம், அதனால் ஒரு நூல் இரண்டு நூல் நீளம் கூடினால் நமக்குத் தாங்கும். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பது வெறும் தோராயம். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்தபின் உங்கள் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அது நம்பத்தக்க சோதனை.

இதனால் என் யோசனை, முதலில் எதையும் அறுக்காதீர்கள். தகட்டைக் கழற்றிவிட்டு பேட்டை மாஸ்கிங் டேப்பால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியை, நீங்கள் வழக்கமாகப் போடும் சட்டையோடு, கண்ணை மூடி இருபது முப்பது முறை தோளில் ஏற்றிப் பாருங்கள். அக்குளில் இடறினால் நீளம். இடறாமல் வந்து உட்கார்ந்தால் மரத்தைத் தொடவே வேண்டாம். இடறினால் 2 நூல் மட்டும் அறுத்து மறுபடி பாருங்கள். குறைக்க எப்போதும் வழி உண்டு. கூட்ட வேண்டுமென்றால் இடையே பிளாஸ்டிக் தகடு வைக்க வேண்டிவரும், அது கண்ணுக்கும் உறுத்தும். வேறு யாருடைய துப்பாக்கியாவது பழைய இங்கிலாந்து வேலைப்பாடாக இருந்து, முனையில் தகடே இல்லாமல் மரத்திலேயே கோடு கீறியிருந்தால், அறுக்கும் பேச்சே வேண்டாம். கயிறு போட்டுக் கட்டும் தோல் உறை பேட் போதும்.

சாய்வையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். காலித் துப்பாக்கியைத் தகட்டோடு தரையில் செங்குத்தாக நிறுத்தி, குழலின் பின்முனை, அதன் மேல்பக்கம், கதவு நிலையைத் தொடும்படி நகர்த்துங்கள். குழல் நுனிக்கும் நிலைக்கும் இடையே உள்ள தூரத்தை எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் இதே தூரம் வர வேண்டும். அறுக்கும்போது கோணம் பிசகிக் கீழ்முனை நீண்டுவிட்டால் இந்த தூரம் குறையும், ஒவ்வொரு வெடிக்கும் கீழ்முனை மார்பில் இறங்கும். பேட் போட்டும் வலி போகவில்லை என்று குறைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, குழலையும் முன்கட்டையையும் பிரித்து வையுங்கள். தகட்டுத் திருகுகளைத் திறக்கும்போது திருப்புளி முனை திருகின் வெட்டில் நெருக்கமாக உட்கார வேண்டும். தளர்ந்த முனையைப் போட்டால் வெட்டு சிதையும். தகட்டைக் கழற்றியதும் கட்டை முனையின் நடுவில் பெரிய துளை தெரிந்தால், உள்ளே கட்டையை இரும்போடு இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட் இருக்கிறது. ஒற்றைக்குழல்களில் இந்த அமைப்பு அதிகம். நீளமான திருப்புளியாலோ குழாய் ஸ்பேனராலோ அதைக் கழற்றி, வெறும் மரத்தை மட்டும் வேலைக்கு எடுங்கள். துளை இல்லையென்றால் வால்பட்டைத் திருகுகளை (இரும்பிலிருந்து வால்போல நீளும் பட்டையைக் கட்டையோடு பிடிப்பவை) தொடாதீர்கள்; இரும்புப் பகுதியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி டேப் ஒட்டிவிட்டு அப்படியே செய்யுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் .315 ரைஃபிளுக்கும் இதே முறையா என்று கேட்டிருந்தீர்கள். அளவெடுப்பதும் தேய்ப்பதும் ஒன்றே. ஆனால் லீ என்ஃபீல்ட் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் வழி வந்த அமைப்பில் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டைப் போல்ட்டைத் திருப்பினால் முன்கட்டை பிளக்கக்கூடும். அவர் அதைத் திருப்பவே வேண்டாம்.

அறுப்பதென்று முடிவானால், கோட்டுக்கு இருபுறமும் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்றுச் சுற்றி, கோட்டின் மேல் கூரான கத்தியால் சுற்றிலும் ஆழமாகக் கீறுங்கள். கட்டை முன்னோக்கிச் சிறுத்துப் போவதால் மேசையில் படுக்க வைத்தால் சாய்ந்து நிற்கும். கைப்பிடிப் பக்கம் அட்டைத் துண்டுகளை வைத்து மட்டம் செய்து, மூலைமட்டத்தால் சரிபார்த்த பிறகே ரம்பத்தை வையுங்கள். நுண்பல் ரம்பம் வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறுத்துக்கொண்டு போனால், ரம்பம் வெளியே வரும் இடத்தில் சிராய் பிய்ந்து வரும். அதிலும் கீழ்முனையில் மரம் மெல்லியது, இழை பாதியிலேயே முடிவது, நகம் அளவு துண்டு அப்படியே பெயரும். நாலு பக்கமும் ஒரு நூல் ஆழம் ஓட்டிவிட்டு நடுவில் கொண்டுபோய் முடியுங்கள். கோட்டுக்கு அரை நூல் வெளியே அறுத்து, தடித்த கண்ணாடியின் மேல் 80 எண் எமரி ஷீட் ஒட்டி, முனையை அதில் எட்டு போடுவதுபோலத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அறுக்காதவர்களும் இந்தத் தேய்ப்பைச் செய்ய வேண்டியிருக்கும். தகட்டுக்கு அடியில் மரம் பல துப்பாக்கிகளில் லேசாகக் குழிந்திருக்கும், பேட்டின் அடித்தட்டோ சமதளம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மரத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே எங்கும் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. தெரிகிற இடத்தைத் திருகை இறுக்கி மூடப் பார்த்தால் அடித்தட்டு வளையும், ஓரம் தூக்கும்.

பழைய திருகுத் துளைகள் புதிய பேட்டின் துளைகளோடு சேர்வது அபூர்வம். அரைத் துளை தள்ளிப் புதிய துளை போட்டால் திருகு பழைய துளைக்குள் நழுவி, பேட் ஒரு பக்கம் இழுக்கும். பழைய துளையை 8 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, உள்ளே அசிட்டோன் நனைத்த பஞ்சால் எண்ணெய் போகத் துடைத்து, காய்ந்தபின் தேக்குக் குச்சியில் அரால்டைட் தடவி இறக்குங்கள். பழைய துளைகளில் எண்ணெய் ஊறியிருந்தால் மரப்பசை பிடிக்காது. ஒரு நாள் முழுக்க விட்டு, மட்டமாக அறுத்துத் தேயுங்கள். பிறகு பேட்டை நடுவில் வைத்து, சுற்றிலும் மிகுதி சமமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, துளைகளைக் குறியுங்கள். 8 எண் மரத்திருகுக்கு 3 மில்லிமீட்டர் வழித்துளை போதும். திருகில் சோப்பு தேய்த்துக்கொண்டால் கெட்டி மரத்தில் உடையாமல் இறங்கும்.

பேட்டின் வெளிமுகத்தில் துளையே காணோமே என்று குழம்புபவர்கள் பலர். துளை அடித்தட்டில் இருக்கிறது. ரப்பர் முகம் மூடியிருக்கும். அடித்தட்டுப் பக்கமிருந்து ஊசியைக் குத்தி, முகத்தில் அது வெளிவரும் இடத்தில் பிளேடு நுனியால் 3 மில்லிமீட்டர் கீறல் போடுங்கள். வட்டமாக வெட்டி எடுக்கக் கூடாது. திருகிலும் உருண்டைத் தண்டுள்ள ஸ்டார் திருப்புளியிலும் சோப்புத் தண்ணீர் தடவி அந்தக் கீறல் வழியாக உள்ளே விட்டு முறுக்கினால், திருப்புளியை எடுத்ததும் ரப்பர் மூடிக்கொள்ளும், கீறல் இருப்பதே தெரியாது. காய்ந்த திருப்புளியைப் போட்டுச் சுழற்றினால் ரப்பர் சுருண்டு கிழியும்.

மிகுதியைத் தேய்ப்பதில்தான் பொறுமை வேண்டும். பேட்டைத் திருகி, அடித்தட்டின் பக்கவாட்டில் கட்டையின் விளிம்பைக் கூரான ஊசியால் சுற்றிலும் கீறிக்கொள்ளுங்கள். கட்டையின் மேல் மாஸ்கிங் டேப் மூன்று சுற்று. ஆங்கிள் கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு நொடி அழுத்தம் மாறினால் டேப்போடு மரமும் போகும். மேசையில் பொருத்திய பெல்ட் சாண்டரோ டிஸ்க் சாண்டரோ இருந்தால் நல்லது. புதிய 60 எண் தாளில் தொடங்கி, கீறிய கோட்டுக்கு அரை நூல் வெளியே நிறுத்தி, 120-க்கு மாறி டேப்பைத் தொடும் வரை போங்கள். எந்திரம் இல்லையென்றால் மரக்கட்டையில் உப்புத்தாள் சுற்றிக் கையாலேயே செய்யலாம். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், தப்பும் குறைவு. தேய்ந்த தாள் ரப்பரைச் சூடாக்கி இழுவையாக்கிவிடும், பிறகு முகமெல்லாம் பிசுபிசுக்கும். மிக மெத்தென்ற பேட்டாக இருந்தால் ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுத்துத் தேயுங்கள், சுத்தமாக வெட்டும். கட்டையின் அடிக்கோடு சாய்ந்து வருகிறதல்லவா, பேட்டின் கீழ்ப்பக்கமும் அதே சாய்வில் நீண்டு முடிய வேண்டும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். செங்குத்தாகத் தேய்த்துவிட்டால் அங்கே முழங்கால் மடித்ததுபோல ஒரு முறிவு தெரியும். மேல்முனையின் ஓரத்தை நன்றாக உருட்டிவிடுங்கள். துப்பாக்கி மேலேறும்போது சட்டையில் சிக்குவது அந்த ஓரம்தான். கறுப்புத் தூள் மரத்தின் நுண்துளைகளில் ஏறினால் எளிதில் போகாது, நெஞ்சுக்கும் ஆகாது. திறந்த வெளியில், முகக்கவசத்தோடு செய்யுங்கள். கடைசியாக டேப்பை எடுத்துவிட்டு 220, பிறகு 320 தாளைக் கெட்டிக் கட்டையில் சுற்றி, அடித்தட்டையும் மரத்தையும் விரல் தடவினால் படி தட்டாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். மரத்தின் பழைய மெருகைத் தொட விருப்பமில்லை என்றால் தாள் கனத்துக்குப் பேட் பெரிதாக நிற்கட்டும், பாதகமில்லை.

நிரந்தரமாக மாட்டும் முன் பேட்டைக் கழற்றி, அறுத்த மர முகத்துக்கும் திருகுத் துளைகளுக்குள்ளும் நீர்த்த பாலியூரித்தேன் வார்னிஷோ ஷெல்லாக்கோ இரண்டு கை அடித்துக் காயவிடுங்கள். மரம் ஈரம் குடிப்பது பெரும்பாலும் இந்த வெட்டு முகம் வழியாகத்தான். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் ஆடி மழையின் ஈரமும் மார்கழி, தை மாத வறட்டுக் காற்றும் ஒரே மரத்தை மாறி மாறி ஊதவும் சுருக்கவும் செய்யும். எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருந்தாலும் பூசாத மரத்தில் ஒரு வருடத்துக்குள் ஓரத்தில் படி தெரியும். பேட்டுக்கும் மரத்துக்கும் நடுவே பசை போடாதீர்கள். ரப்பர் ஒரு நாள் கெட்டியாகும் அல்லது பிசுபிசுக்கும், மாற்ற வேண்டிவரும். நீண்ட போல்ட்டை இறுக்கவும் பேட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

போல்ட்டை இறுக்கிக் கட்டையை மாட்டியதும் கதவு நிலையில் வைத்து அந்தத் தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு மூன்று தோட்டா சுட்டபின் பேட்டின் திருகுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ரப்பர் அமர்ந்து அரைச் சுற்று தளர்ந்திருக்கும். துப்பாக்கியை அலமாரியில் பேட்டின் மேல் நிறுத்தி வைக்காதீர்கள். மெத்தென்ற பேட் ஒரு பக்கம் நசுங்கி அப்படியே நின்றுவிடும், எந்திர எண்ணெயும் கீழிறங்கி மரத்தையும் ரப்பரையும் கெடுக்கும். படுக்க வைக்கலாம், அல்லது குழல் கீழ்நோக்கி, துணி விரித்த பலகையில் வைக்கலாம். பேட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும், மண்ணெண்ணெய் படவே கூடாது. முதல் மழைக்காலம் முடிந்ததும் கீழ்முனையில் நகத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். மரம் தூக்கியிருந்தால் அந்த ஓரத்தை மட்டும் 320 தாளால் நாலு இழுப்பு இழுத்து, ஒரு கை வார்னிஷ் தொட்டுவிடுங்கள்.